அன்றாடக் கருமங்களும் நம் கடமையும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மகாசபையின் முன்னிலையில் சில வார்த்தைகள் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபொழுது, முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்தவனாதலின் நான் கல்வியைப் பற்றியே பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக்கூடும். நான் பேசப் புகுவதும் கல்வியைப் பற்றியதே. ஆயினும், அக்கல்விக்குப் பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை. காலையில் எழுந்து பல் துலக்குதல், நீராடுதல், உடை உடுத்தல், உண்ணுதல், மலசலம் கழித்துத் தூய்மை செய்துகொள்ளுதல் ஆகிய நித்திய கருமங்களை ஒருவர் தம் கையாலேயே செய்துகொள்ளக் கற்கும் கல்வி அது. இவற்றையுமா ஒருவர் கற்பிக்க வேண்டும் என்று இங்குள்ளோரில் சிலர் வியக்கலாம். வியவாதவர்களும் இச்சபையில் இருக்கின்றனர் என்பதை நான் அறிவேன். அவர்களை முன்னிட்டே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக் காரியத்தைச் சபையில் கூறுவதைப் பொறுத்தருள வேண்டும். எனக்கு ஒரு தம்பி உண்டு. அறிவு வளர்ச்சி குன்றியவனாகப் பிறந்தவன். இப்பொழுது அவனுக்கு வயது நாற்பத்தொன்பது. எங்கள் அன்னையார் அவனுக்கு நாற்பத்தோராண்டு காலம் சோறு ஊட்டினார்கள். இதனை அலங்காரமாகக் கூறுகின்றேன் அல்லேன். மூன்று வேளையும் பிசைந்து, உருட்டி, "வாயைத் திற ராசா" என்று சொல்லி, தம் கையாலேயே ஊட்டினார்கள். குளிப்பாட்டியதும், உடை உடுத்தியதும், தலை வாரியதும் அவர்களே. ஊரார், "இப்படி ஒரு தாய் எங்கே உண்டு!" என்று போற்றினர். நாங்களும் அதனைக் கேட்டுப் பெருமை கொண்டோம்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அன்னையார் காலமானார்கள். மறுநாள் எல்லோருக்கும் இலை போட்டார்கள். தம்பிக்கும் போட்டார்கள். அவன் இலையைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தான். துக்கத்தினால் உண்ணாதிருக்கின்றான் என்று நாங்கள் கருதினோம். மாலையிலும் அவ்வாறே இருந்தான். என் மனையாள் அருகிற் சென்று ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோனபொழுது ஆவலோடு உண்டான். அவனுக்குப் பசி இருந்தது. எதிரில் அன்னமும் இருந்தது. தன் கையால் எடுத்து உண்ணலாம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாதிருந்தது.

அயலூர்ப் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எங்கள் இல்லத்திற்கு வந்தார். அவனைச் சற்று நேரம் கவனித்துவிட்டு, "ஐயா, இவர் கைகளுக்கு என்ன குறை?" என்று என்னை வினவினார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அவன் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த யான், என் உடன்பிறந்தான் ஒருவனுக்கு ஒரு கவளம் எடுத்து உண்ணக் கற்பித்தேனில்லை. என் அன்னையாரின் அன்பைக் குறை கூற எனக்கு நா எழாது. ஆயினும், அந்த அன்பு தனக்குப் பின் வரும் நாளை எண்ணிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமலிருக்கவும் இயலவில்லை. இக்குறைபாடுடைய பிள்ளையைப் பெற்ற தாய் தந்தையர் யாவரையும் இராப்பகலாக வாட்டும் வினா ஒன்றே. "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்பதே அது. அவ்வினாவிற்கு விடையில் ஒரு பாதி அப்பிள்ளையின் கைகளிலேயே இருக்கின்றது என்பதே இன்று யான் விண்ணப்பித்துக்கொள்ளும் பொருள்.

இந்நித்திய கருமங்களை அற்பமென்று அறிஞர் எண்ணவில்லை. அமெரிக்க நாட்டில் கிளீவ்லாந்து நகரத்து மருத்துவர் சிட்னி காட்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1963-ஆம் ஆண்டில் நோயுற்ற முதியோரை ஆராய்ந்து, நீராடல், உடுத்தல், கழிப்பிடம் சென்று வருதல், படுக்கையினின்று எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்கியாளுதல், உண்ணல் என்னும் ஆறனையும் ஓர் அளவுகோலாக அமைத்தனர். நோயினின்று தேறுவோர் முதலில் உண்ணும் ஆற்றலையும், இறுதியில் உடுத்தல், நீராடல் ஆகியவற்றையும் திரும்பப் பெறுகின்றனர் என்பதையும், அது குழந்தை வளரும் முறையை ஒத்திருக்கின்றது என்பதையும் அவர்கள் கண்டனர். பின்னர் 1969-ஆம் ஆண்டில் லாட்டன், பிராடி என்னும் இருவர், தொலைபேசியில் பேசுதல், கடைக்குச் செல்லுதல், சமைத்தல், வீட்டைத் துப்புரவு செய்தல், துணி வெளுத்தல், வண்டியேறிப் பிரயாணம் செய்தல், மருந்தை வேளை தவறாது உட்கொள்ளுதல், பணத்தைக் கையாளுதல் என எட்டுக் காரியங்களைக் கூறினர. முன்னவை ஆறும் உடலைப் பேணுவன; பின்னவை எட்டும் உலகத்தோடு கூடி வாழ்வதற்குரியன. இன்றளவும் மருத்துவமனைகளில், ஒருவர் எவ்வளவு உதவியோடு வாழக்கூடியவர் என்பதை இவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றனர்.

இனி, இவற்றைக் கற்பிக்கும் முறை யாது என்பதைக் கூறுவேன். யான் ஆசிரியனாயிருந்தும் அறியாதிருந்த இம்முறையை அந்த ஆசிரியையிடமே மாணவனாக அமர்ந்து கற்றேன்.

முதலாவது, ஒரு காரியத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தல். "சாப்பிடு" என்பது நமக்கு ஒரு சொல். கற்போனுக்கோ அது கை கழுவுதல், சோற்றைப் பிசைதல், விரல்களால் கூட்டியெடுத்தல், உயர்த்துதல், வாயிலிடுதல், மெல்லுதல், விழுங்குதல் எனப் பல காரியங்கள். அவற்றுள் எதனைச் செய்ய இயலும், எதில் தடை நேர்கின்றது என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்பிக்க முயல்வது கற்போனையும் கற்பிப்போனையும் ஒருங்கே சோர்வடையச் செய்யும்.

இரண்டாவது, கடைசிப் படியிலிருந்து தொடங்குதல். இது எனக்கு விந்தையாக இருந்தது. என் மனையாள் தம்பியின் கையின்மேல் தன் கையை வைத்துப் பிசைந்து, கூட்டியெடுத்து, உயர்த்தி, உதட்டருகே கொண்டுவந்து, அவ்விடத்தில் தன் கையை எடுத்துவிடுவாள். எஞ்சிய இரண்டங்குலத்தை அவன் தானே கடக்க வேண்டும். கடந்த மாத்திரத்தில் அவன் வாயில் உணவு இருக்கும்; காரியத்தை முடித்தவன் அவனே ஆவான். அது பழகிய பின் மார்பளவில் கையை எடுப்பாள். அதன் பின் இலையருகிலேயே எடுப்பாள். இறுதியில் பிசைவதையும் அவனிடமே விட்டாள். முதற்படியிலிருந்து தொடங்கியிருந்தால், அவன் பிசைந்ததோடு நின்றிருப்பான். பசி தீரும் இன்பம் பிறர் கையால் வந்திருக்கும்.

மூன்றாவது, உதவியைப் படிப்படியாகக் குறைத்தல். கையைப் பிடித்துச் செய்வித்தல் பெரிய உதவி. முழங்கையை மெல்லத் தொடுதல் அதனினும் சிறிது. செய்து காட்டுதல் அதனினும் சிறிது. வாயால் சொல்லுதலும், விரலால் சுட்டுதலும் அவற்றினும் சிறியன. யாதொன்றும் செய்யாது காத்திருத்தலே யாவற்றினும் சிறிது. செய்வோர்க்கு அதுவே யாவற்றினும் அரிது. தம்பி சொக்காயின் ஒரு பொத்தானை மாட்ட ஐந்து நிமிஷம் கொள்ளும்பொழுது, அருகில் நிற்போர் கை தானே நீளும். அந்தக் கையை அடக்கிக்கொள்ள என் இல்லத்தார் பட்ட பாடு தம்பி பொத்தான் மாட்டப் பட்ட பாட்டினும் மிகுதி எனலாம்.

நான்காவது, காலமும் இடமும் மாறாதிருத்தல். ஒரே நேரம், ஒரே இடம், ஒரே வரிசை, ஒரே சொல். அம்மா "குளி" என்றும், அண்ணன் "தண்ணீர் ஊற்றிக்கொள்" என்றும், அண்ணி "உடம்பைக் கழுவு" என்றும் சொன்னால் கற்போன் மயங்குவான். எங்கள் வீட்டில் குளியலறைச் சுவரில் ஐந்து படங்களை ஒட்டினோம். உடையைக் களைதல், செம்பால் நீரூற்றல், சோப்புத் தேய்த்தல், மறுபடி நீரூற்றல், துவட்டல் என்பன அவை. எழுத்தறியாதவன் அவற்றை வரிசையாகப் பார்த்துச் செய்கின்றான்.

ஐந்தாவது, பொருளை ஆளுக்கேற்ப மாற்றுதல். வேட்டி நழுவுமாயின் இடுப்பில் நாடா வைத்த கால்சட்டை போதும். சிறு பொத்தான் கைக்கு அகப்படவில்லையாயின் பெரிய பொத்தான் தைக்கலாம். அல்லது ஒட்டுப்பட்டை வைக்கலாம். கழிப்பறையில் பிடித்து எழ ஒரு கம்பி, வழுக்காத தரை, விளிம்புயர்ந்த தட்டு, கைப்பிடி தடித்த கரண்டி ஆகிய இவை மிகுந்த பொருட்செலவில்லாதவை. மனிதனை மாற்ற இயலாதவிடத்துப் பாத்திரத்தை மாற்றலாம் அன்றோ? விழுங்குகையில் புரையேறும் இயல்புடையோர்க்கு மட்டும், மருத்துவரைக் கலந்த பின்னரே உண்ணும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இம்முறையில் தம்பி தானாக உண்ணக் கற்பதற்கு ஏறக்குறைய ஏழு மாதங்கள் ஆயின. குளிக்கக் கற்பதற்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. வேறொருவர்க்கு இதனிற் குறைவாகலாம், மிகுதியுமாகலாம். சிலர் சில காரியங்களை எக்காலத்தும் முற்றக் கற்கமாட்டார்கள். அதனால் நஷ்டமில்லை. பத்துப் படிகளில் மூன்றைத் தாமே செய்வோர் அந்த மூன்றின் அளவிற்குத் தம்மைத் தாமே ஆள்பவர் ஆகின்றனர்.

நிற்க. கற்பித்தலினும் கடினமானது கற்றதைக் காத்தல். இதில் நாங்கள் பிழை செய்தோம். தம்பி நன்றாக உண்ணத் தொடங்கிய மறு ஆண்டில் எங்கள் இல்லத்தில் ஒரு கல்யாணம் நிகழ்ந்தது. விருந்தினர் கூட்டம், யாவர்க்கும் அவசரம். அவன் மெல்ல உண்பதையும் கீழே சிந்துவதையும் சம்பந்திகள் பார்க்கலாகாது என்று, பதினைந்து நாள் அவனை உள்ளறையில் அமர்த்தி ஊட்டிவிட்டோம். விருந்தினர் சென்ற பின், அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து காத்திருந்தான். ஏழு மாதப் பிரயாசை பதினைந்து நாளில் பெரும்பாலும் அழிந்தது. மீண்டும் உதட்டருகிலிருந்து தொடங்க நேர்ந்தது. பயன்படுத்தாத வாய்க்கால் தூர்ந்துபோவதைப் போலவே இப்பழக்கங்களும் தூர்ந்துபோகும். காய்ச்சலிலும், பிரயாணத்திலும், விருந்திலும்கூட, அவர் செய்யக்கூடியதில் ஒரு பகுதியையாவது அவரே செய்யும்படி விடுதல் அவசியம்.

யான் கூறியது பிறவியிலே குறைபாடுற்றோர்க்கு மாத்திரம் உரியதன்று. பக்கவாதம் கண்டவர்க்குச் சட்டை அணிவிக்கையில், பலவீனமான கையை முதலில் நுழைத்தலும், கழற்றுகையில் நல்ல கையை முதலில் எடுத்தலும் முறையாம். இவ்வொரு முறையை அறிந்தால் பலர் ஒரு கையாலேயே தாமே உடுத்திக்கொள்வர். மறதி நோயுற்ற முதியோர்க்குப் புதியன கற்பித்தல் அரிது. ஆயினும் பல்லாண்டு பழகியதைச் செய்யும்படி விட்டால் அது நெடுநாள் நிலைக்கும். கீரை ஆய்ந்து பழகிய பாட்டியார் கீரை ஆயட்டும். மெதுவாக ஆய்ந்தால் என்ன? நெடுநாள் மனநோயுற்றோர் சிலர் குளியாமலும் எழாமலும் இருப்பதைக் கண்டு சோம்பேறிகள் என்று ஏசுகின்றோம். தொடங்கும் ஊக்கத்தையே அந்நோய் கெடுக்கின்றது. அவர்களுக்கு வேண்டுவது வசை மொழியன்று. மருந்தோடு கூடிய ஒழுங்கான தினசரி முறையும், உடனிருந்து தொடங்கிவைக்கும் ஒருவரும் ஆவர்.

இன்னும் ஒன்று. இக்கல்வியில் கற்போரின் விருப்பத்திற்கும் மதிப்பளித்தல் வேண்டும். நாற்பது வயதினனை "பாப்பா" என்று அழைத்துக்கொண்டு அவனுக்குத் தன்மானம் கற்பித்தல் இயலாது. எந்தச் சொக்காய் வேண்டும் என்று இரண்டைக் காட்டிக் கேட்கலாம். குளிக்கும்பொழுதும் உடை மாற்றும்பொழுதும் கதவைச் சாத்தலாம். பெண்மக்களாயின், மாதவிலக்குக் காலத்தில் தம்மைப் பேணிக்கொள்ளும் முறையைத் தாய்மார் பொறுமையுடன் படிப்படியாகக் கற்பிக்கலாம். தம் உடலைத் தாமே பேணுவோர், பிறர் கை தகாதவிடத்துப் படும்பொழுது அது தகாதது என்று உணர்ந்து கூறவும் வழியுண்டு. தாய்மார்கள் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, நம் சங்கத்தாரை நோக்கிச் சில வார்த்தைகள். நாம் கல்வி நிதி திரட்டுகின்றோம். கல்யாண மண்டபம் எழுப்புகின்றோம். வரன் விவரங்களை இப்பத்திரிகையில் வெளியிடுகின்றோம். அவ்விவரங்களில், "சகோதரன் ஒருவன் இருக்கின்றான், அவன் மனவளர்ச்சி குன்றியவன்" என்று எழுதியவர் எவரேனும் உளரோ? எழுதினால் பெண்ணுக்கு வரன் அமையாது என்று அஞ்சுகின்றோம். அவ்வச்சத்தினால் பிள்ளையை உள்ளறையில் வைக்கின்றோம். உள்ளறையில் இருப்பவன் எதனைக் கற்பான்? யாரிடம் கற்பான்? நாங்கள் செய்த அதே பிழையை நம்மவர் பலரும் பல்லாண்டாகச் செய்து வருகின்றனர்.

உள்ளறையிலும் வைக்க இயலாதோர் சிலர் எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர். அதன் முடிவு எவ்வளவு கொடிதாகக்கூடும் என்பதை நம் நாடு கண்டிருக்கின்றது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயுற்றோரை வைத்திருந்த விடுதி ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட மாட்டாது 28 பேர் மாண்டனர். மனநோயுற்றோரைச் சங்கிலியிடுதல் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. ஆயினும், சட்டம் ஒவ்வொரு வீட்டின் உள்ளறைக்குள்ளும் புகுந்து பார்க்க வல்லதன்று.

நல்ல முன்மாதிரிகளும் நம் நாட்டில் உண்டு. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-ஆம் ஆண்டில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், 1981-ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர்சேவா சங்கத்தை நிறுவினார்கள். நித்திய கருமங்களுக்கே பிறர் துணையை நாடிய ஒருவர், எண்ணிறந்தோர் தம் காலில் நிற்க வழி செய்தார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிலையம் மனச்சிதைவு நோயுற்றோர்க்கு மருந்தோடு மறுவாழ்வுப் பயிற்சியும் அளிக்கின்றது. 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய பேன்யன் என்னும் நிலையத்தார், நெடுங்காலம் விடுதியில் இருந்த மனநோயுற்றோர் சிலர் சிலராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் கூடி வாழ வகை செய்துள்ளனர். அங்கே அவர்கள் துணைவர் ஒருவர் உதவியோடு தாமே சமைக்கின்றனர்; தாமே கடைக்குச் செல்கின்றனர்.

சட்ட விஷயமாகவும் இரண்டொன்றை நம்மவர் அறிதல் நன்று. 1995-ஆம் ஆண்டின் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுள்ளது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவை உடையோர்க்குப் பதினெட்டு வயது நிரம்பிய பின்னர்ப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ள 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழியுண்டு. நமக்குப் பின் யார் என்று கவலையுறுவோர், உயிரோடிருக்கும்பொழுதே அதற்குரிய மாவட்டக் குழுவினரிடம் விண்ணப்பம் செய்தல் நலம்.

இச்சங்கத்தின்பால் எனக்கு மூன்று வேண்டுகோள்கள் உள்ளன. முதலாவது, மாதம் ஒருமுறை நம் மண்டபத்தில் ஓர் அறையை இத்தகைய பிள்ளைகளின் தாய்மார் கூடிப் பேசுவதற்கு விட வேண்டும். ஒரு தாய் ஓராண்டு பாடுபட்டுக் கண்டறிந்ததை மற்றொரு தாய் ஒரு மணி நேரத்தில் கேட்டறியலாம். இரண்டாவது, நம் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவருக்காவது சிறப்புக் கல்வியோ, ஆக்குப்பேஷனல் தெரபி என்று வழங்கும் கலையோ பயில உபகாரச் சம்பளம் அளிக்க வேண்டும். வைத்தியமும் பொறியியலும் பயில்வோர் நம்மிடைப் பலர். இவற்றைப் பயில்வோர் மிகச் சிலர். மூன்றாவது, கடை வைத்திருக்கும் அன்பர்கள், பொட்டலம் மடிக்கவோ, சாமான் அடுக்கவோ தக்க பயிற்சி பெற்ற ஒருவருக்கு நியாயமான கூலியோடு இடமளிக்க வேண்டும். தர்மமென்று கருதி அளிக்க வேண்டா. வேலையென்று கருதி அளியுங்கள்.

இவற்றோடு, சங்கத்தின் தீர்மானம் தேவையற்ற ஒரு காரியமும் உண்டு. கல்யாணத்திற்கு அழைக்கச் செல்லும்பொழுது அவ்வீட்டு உள்ளறையில் இருப்பவரையும் பேர் சொல்லி அழையுங்கள். பந்தியில் அவருக்கும் ஓர் இலை போடுங்கள். சிந்தினால் சிந்தட்டும், மெதுவாக உண்டால், அடுத்த பந்தி சற்றே காத்திருக்கட்டும்.

என் தம்பி இன்று இச்சபைக்கு வந்திருக்கின்றான். மூன்றாம் வரிசையில் நீலச் சொக்காய் அணிந்து அமர்ந்திருக்கின்றான். அந்தச் சொக்காயைத் தெரிந்தெடுத்தவனும் அணிந்துகொண்டவனும் அவனே. இரண்டாம் பொத்தான் மூன்றாம் துளையில் மாட்டப்பட்டிருக்கின்றது. அதனைச் சரிசெய்ய வேண்டாமென்று என் மனையாளிடம் கேட்டுக்கொண்டேன். கூட்டம் முடிந்ததும் அவனும் உங்களோடு பந்தியில் அமர்வான். அவனருகில் அமர்வோர் அவனுக்கு ஊட்ட வேண்டியதில்லை; அவன் உண்டு முடிக்கும் வரை எழாதிருந்தால் அதுவே பேருபகாரமாகும்.